கேசட்டில் இல்லாத கை

லோகநாயகியின் கண்ணுக்குத் தன்னுடைய பின்கழுத்தே தெரிந்தது.

குனிந்த தலை. இடுப்புவரை தொங்கும் பூச்சடை. அரக்கு நிறக் கூறைப்புடவை. கழுத்துக்குப் பின்னால் மஞ்சள் கயிற்றைப் பிடித்திருக்கும் சதாசிவத்தின் விரல்கள். அவளுடைய கல்யாண முகூர்த்தம் அது. எப்போது நினைத்தாலும் இப்படித்தான் வரும்.

இன்று காலை, வகுப்பில் மாணவர்களுக்கு முன்னால் நிற்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. தாலி ஏறியபோது அவள் கண்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்படியிருக்கத் தன் பின்கழுத்தைத் தானே எப்படிப் பார்த்திருக்க முடியும்?

விடை தெரியவில்லை. வகுப்பில் அவள் விடை தெரியாமல் நிற்பது அபூர்வம்.

செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு பி.எட். கல்லூரியில் அவள் கல்வி உளவியல் ஆசிரியை. பாடப்புத்தகத்தில் ஒவ்வோர் ஆய்வுக்கும் நாலு வரிதான் இருக்கும். மாணவர்கள் அதை உருப்போட்டு எழுதிவிட்டு மறந்துபோவார்கள். அவளுக்கு அது பொறுக்காது. பஸ் நிலையத்துக்கு எதிரேயிருந்த பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, உளவியல் சொல்லிக்கொடுப்பவர்களுக்கென்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கும் குறிப்புகளையும் படத்துண்டுகளையும் இறக்கி, சிடியில் ஏற்றிக்கொண்டு வருவாள். ஆய்வை வகுப்பிலேயே நடத்திக் காட்டிவிட்டு அப்புறம்தான் அதன் பெயரைச் சொல்வாள். சாம்பார் வைப்பது எப்படி என்று படித்தால் பசி அடங்குமா என்பது அவள் கட்சி.

போன வாரம் இரண்டு கார்கள் மோதும் படத்துண்டு ஒன்றைப் போட்டுக் காட்டியிருந்தாள். பாதி வகுப்பிடம், கார்கள் இடித்துக்கொண்டபோது என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டாள். மீதிப் பாதியிடம், மோதி நொறுங்கியபோது என்ன வேகம் என்று கேட்டாள். அதோடு விட்டுவிட்டாள். இன்றைக்கு எல்லோரிடமும் ஒரே கேள்விதான். படத்தில் உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?

ஷபானா முதலில் கை தூக்கினாள். அவள் 'நொறுங்கிய' பாதியில் இருந்தவள்.

"பாத்தேன் மேடம். ரோட்டுல செதறிக் கெடந்துச்சு. வெயில்ல மின்னுச்சு."

"கண்ணாடியும் இல்ல, ஒண்ணும் இல்ல மேடம்," என்றான் பின்வரிசை ஷ்யாம். "இவ தூங்கிகினு இருந்தா."

படத்தை மறுபடி ஓட்டினாள் லோகநாயகி. கண்ணாடி இல்லை. வகுப்பு சிரித்தது. ஷபானா சிரிக்கவில்லை.

"ஆனா எனக்கு இப்பவும் தெரியுது மேடம்," என்றாள் அவள், சன்னமாக.

லாஃப்டஸ், பாமர் என்ற இருவர் எழுபதுகளில் அமெரிக்காவில் இதைச் செய்துபார்த்தார்கள் என்று லோகநாயகி அப்போதுதான் சொன்னாள். அங்கேயும் 'நொறுங்கிய' என்ற மாதிரி கேள்வியைக் கேட்டவர்களில்தான் அதிகம் பேர் இல்லாத கண்ணாடியைப் பார்த்திருந்தார்கள். பொய் சொல்கிறவளுக்குத் தான் பொய் சொல்வது தெரியும். ஷபானாவுக்கு அது தெரியாது. கேள்வி கேட்டவர் கண்ணாடியை உள்ளே வைத்துவிட்டுப் போய்விட்டார். அது இப்போது அவளுடைய சொந்தச் சரக்கு.

அடுத்த பயிற்சி எளிதானது. உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒன்றை நினையுங்கள். அதை உங்கள் கண் வழியாகப் பார்க்கிறீர்களா, வெளியே நின்று உங்களையே பார்க்கிறீர்களா? வெளியிலிருந்து தெரிவதாலேயே ஒரு நினைவு பொய்யாகிவிடாது, அப்படித் தெரிகிற உண்மைகளும் உண்டு என்று அவள் சேர்த்துச் சொன்னாள். ஆனால் இந்தப் படம் எனக்குள் எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.

மாணவர்கள் கண்ணை மூடினார்கள். அவளும் மூடினாள். பின்கழுத்து தெரிந்தது.

*

வேறு எந்த நாளாக இருந்தாலும் அவள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டிருப்பாள். ஆனால் இன்று மாலை அமிர்தவல்லி வீட்டுக்கு வருகிறாள்.

போன வாரம் அவள் தொலைபேசியில் கூப்பிட்டபோது, சதாசிவம் 'வரணும்னா வரட்டும்' என்று ரிசீவரை வைத்துவிட்டான். அமிர்தவல்லி சதாசிவத்தின் அக்கா. மறைமலைநகரில் இருக்கிறாள். அவள் மகன் விஷாலுக்கு வருகிற ஞாயிறு மாமல்லபுரத்தில் கல்யாணம். தாய்மாமன் சீர் இல்லாமல் எந்தப் பிள்ளை மணமேடை ஏறும்? இருக்கிற ஒரே தாய்மாமன் சதாசிவம்.

அவனோ அக்கா முகத்தில் விழிக்காமல் இத்தனை வருடம் ஓட்டிவிட்டான். காரணம் ஒரு முடிச்சு.

அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போடுவான். மூன்றாவது முடிச்சு நாத்தனாருடையது. தொண்ணூற்றொன்றில், மதுராந்தகத்தில் நடந்த அந்தக் கல்யாணத்தில், கையில் விளக்கோடு மணப்பெண்ணின் பின்னால் நின்ற அமிர்தவல்லி, சரியான நேரத்தில் முடிச்சுப் போடாமல் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டாள். அவள் புருஷனின் தங்கையைச் சதாசிவத்துக்குக் கட்ட நினைத்து, அது நடக்கவில்லை. அந்த ஆத்திரம் என்றார்கள். கல்யாண வீடியோ கேசட்டில் கண்ணாடி மாதிரி தெரிந்தது. தாலி கட்டும் காட்சியில் அமிர்தவல்லி இல்லை. மூன்றாவது முடிச்சில் இருந்தது கருங்குழி பாப்பா சித்தியின் கை.

லோகநாயகியின் மாமியார் அந்தக் கேசட்டை வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினார். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான் கேட்பார். "எதுக்கு எறங்கிப் போனா? கேளுங்க, கூடப் பொறந்தவ எதுக்கு எறங்கிப் போனா?"

தான் முடிச்சுப் போட்டதாக அமிர்தவல்லி அழுது பார்த்தாள். கேசட்டைப் பார் என்றார்கள். லோகநாயகியைக் கேட்டார்கள். அண்ணி தன் பின்னால் இல்லாததைத் தான் பார்த்ததாக அவளும் சொன்னாள்.

லோகநாயகியின் வளைகாப்புக்கு அமிர்தவல்லியை அழைக்கவில்லை. தாய் இறந்தபோது வந்தவள், பெண் பிள்ளை செய்யவேண்டிய சடங்கைச் செய்ய விடாததால் வாசலோடு திரும்பினாள்.

*

அணுபுரம் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே அச்சு. ஆகவே அமிர்தவல்லி இரண்டு கதவைத் தட்டிவிட்டுத்தான் சரியான வீட்டுக்கு வந்தாள். தம்பி வீட்டுக்கு வழி தெரியாத அக்கா. அதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

வெற்றிலையும் பழமும் பத்திரிகையும் வைத்த தட்டை இரண்டு கையாலும் பிடித்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். தலை நரைத்திருந்தது. காப்பியைத் தொடவில்லை. மண்டபம் கடற்கரைக்குப் பக்கம் என்றாள், பெண் வீட்டார் நல்ல மாதிரி என்றாள். சதாசிவம் டிவியில் ஒலியைக் குறைத்தானே தவிர அணைக்கவில்லை.

அவள் தட்டை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

அவளே தட்டை டிவி மேல் வைத்தாள்.

"சதா, நான் முடிச்சுப் போடாம எறங்கிப் போனது தப்புதான்," என்றாள். "அன்னிக்கி எனக்கு இன்னா ஆச்சோ தெர்ல. பெரியவளா லட்சணமா நடந்துக்கல. மனசுல வச்சிக்காத. கால்ல வோணும்னாலும் உழுறேன். எம்புள்ளைக்கு வந்து நில்லு."

இத்தனை வருடத்தில் அமிர்தவல்லி ஒரு தடவைகூடத் தப்பை ஒப்புக்கொண்டதில்லை. போட்டேன், போட்டேன் என்றுதான் மன்றாடியிருக்கிறாள்.

"இதைச் சொல்ல இத்தனை நாளாச்சா?" என்றான் சதாசிவம். "அம்மா போயாச்சு. யார்கிட்ட மன்னிப்புக் கேக்குற?"

இன்று இரவுக்குள் பதில் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனான்.

பஸ் நிறுத்தம்வரை லோகநாயகி கூடவே போனாள். வழியெல்லாம் அமிர்தவல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள். உண்மையாகவே போடவில்லையா என்று கேட்க வாயெடுத்து, லோகநாயகி சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அந்தக் கேள்விக்குள்ளேயே ஒரு பதில் உட்கார்ந்திருக்கிறது. காலையில் வகுப்பில் அதைத்தானே காட்டினாள்?

"அண்ணி, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க," என்றாள்.

"இன்னாத்த சொல்றது லோகா? போட்டேன்னுதான் நெனச்சிகினு இருந்தேன். சாமி சத்தியமா அப்பிடித்தான் நெனச்சிகினு இருந்தேன். அம்மா அந்தக் கேசட்ட எத்தினி வாட்டி போட்டுக் காட்டிச்சு. எல்லாரும் சேந்து சொன்னா நாம மட்டும் இன்னா பெரிய இதுவா?" என்றாள் அமிர்தவல்லி. அப்புறம், பஸ் வருகிறதா என்று பார்த்தபடி சொன்னாள்: "இப்ப கண்ண மூடுனா, வெளக்க வச்சிட்டு நான் எறங்கிப் போறதுதான் தெரியுது. என் முதுவு எனக்கே தெரியுது."

பஸ் வந்தது. அவள் ஏறினாள். லோகநாயகி கை அசைக்கவும் மறந்து நின்றாள்.

*

கல்யாணக் கேசட்டைச் சிடியாக மாற்றி வைத்திருந்தார்கள். மகள் ஸ்வாதி கணினியைப் போட்டுக் கொடுத்தாள். பத்தாம் வகுப்புப் பெண். அம்மா கல்யாண வீடியோ பார்க்கிறாள் என்றதும் அவளும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்பாவுக்கு இவ்ளோ முடி இருந்துச்சா? காணோம்னு கேஸ் போடலாம் போல."

பூக்கள் சுற்றிச் சுற்றி வந்து நடுவில் ஓர் இதயம் திறந்தது. அதற்குள் மாப்பிள்ளை. பிறகு முகூர்த்தம். முன்பக்கத்திலிருந்து எடுத்த காட்சி: மணப்பெண், மாப்பிள்ளை, பின்னால் விளக்கோடு அமிர்தவல்லி. கெட்டிமேளம். சதாசிவம் தாலியோடு குனிகிறான். உடனே காட்சி மாறுகிறது. இப்போது கேமரா பின்பக்கம் இருக்கிறது. குனிந்த தலை, பூச்சடை, மஞ்சள் கயிறு, பாப்பா சித்தியின் கை. மறுபடி முன்பக்கம்: எல்லோரும் எழுந்து நின்று அட்சதை போடுகிறார்கள்.

பின்பக்கக் காட்சியில் லோகநாயகி படத்தை நிறுத்தினாள்.

அவள் மனசில் இருந்த படம் அணு பிசகாமல் இதுதான். அதே கோணம், அதே விரல்கள். ஆகவே அவள் தன் கல்யாணத்தை நினைவு வைத்திருக்கவில்லை. கேசட்டை நினைவு வைத்திருக்கிறாள். பின்னால் யார் இருந்தார் என்று கேட்டவர்களுக்கு அவள் சொன்ன சாட்சி, கேமரா சொன்ன சாட்சி.

சரி, கேமரா சொன்னது சரியாகவே இருக்கலாமே?

"அம்மா, சடையில என்ன வெள்ளையா?" என்றாள் ஸ்வாதி. "பொடுகா?"

லோகநாயகி திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனாள். மல்லிகைக்கு நடுவே மஞ்சள் கலந்த வெள்ளைப் பொட்டுகள். அட்சதை. அட்சதை விழுவது அடுத்த காட்சியில்தானே? விழாத அரிசி சடையில் எப்படி வந்தது?

அவசரப்படக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முதல் முடிச்சு விழுந்ததுமே யாராவது இரண்டு பேர் முந்திக்கொண்டு போட்டிருக்கலாம். அது எல்லாக் கல்யாணத்திலும் நடப்பது. அரிசி போதாது. வேறு ஏதாவது வேண்டும்.

குனிந்திருந்ததால் தலை உச்சி நன்றாகத் தெரிந்தது. வகிட்டில் சிவப்பாக ஒரு கோடு.

குங்குமம்.

மூன்று முடிச்சும் விழுந்து தாலி ஏறிய பிறகுதான் கணவன் வகிட்டில் குங்குமம் வைப்பான். அதற்கு முன் எந்தப் பெண்ணின் வகிட்டிலும் அது இருக்க வழியில்லை. காட்சியைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தாள். கெட்டிமேளத்தின்போது முன்பக்கத்தில் வகிடு வெறுமையாக இருந்தது. பின்பக்கத்தில் சிவப்பு. மறுபடி பார்த்தாள். வெறுமை, சிவப்பு.

இத்தனை பேர், இத்தனை தடவை பார்த்த படம். யார் கண்ணிலும் படவில்லை. மாமியாரின் கேள்வி எல்லோரையும் ஆள் இல்லாத இடத்தையே பார்க்க வைத்தது. வகிட்டைப் பார்க்க யாருக்கும் கண் மிச்சமில்லை.

*

இது பாதிதான். கேசட்டில் இருப்பது முகூர்த்த நேரத்து முடிச்சு அல்ல என்று மட்டுமே குங்குமம் சொல்லும். முகூர்த்த நேரத்தில் போட்டது யார் என்று சொல்லாது.

கருங்குழிக்குத் தொலைபேசியைச் சுழற்றினாள். பாப்பா சித்தி சதாசிவத்தின் அம்மாவுக்குத் தங்கை. காது மந்தம், வாய் கூர்மை. லோகநாயகி அமிர்தவல்லி பேரை எடுக்கவில்லை, முடிச்சைப் பற்றியும் பேசவில்லை. தன் கல்யாணத்து முகூர்த்தம் எப்படி நடந்தது, மேடையில் இருந்தவராயிற்றே, ஞாபகம் இருப்பதையெல்லாம் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். இதுவும் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதுதான். சாட்சியை இழுக்காதே. விடு, அதுவாக வரட்டும்.

சித்தி மழையில் தொடங்கினார், வடையில் உப்பு குறைந்ததற்குப் போனார், நாதஸ்வரக்காரர் குடித்திருந்ததைச் சொன்னார். லோகநாயகி ஊம் கொட்டிக்கொண்டே இருந்தாள்.

"தாலி கட்டி, அமிர்தா கடேசி முடிச்சப் போட்டதும் உம்மாமியா அதக் கூப்ட்டு, பந்தி நடக்குது, போய்ப் பாருன்னு தொரத்திச்சு. மாப்ள வூட்டுக் கல்யாணம், பந்தி நம்ம பொறுப்புல்ல? அது வெளக்க வச்சிட்டு ஓடிச்சு. அப்பறம் அந்த வீடியோக்காரன் வந்தான். எல்லாம் எழுந்து நின்னு மறைச்சிட்டீங்க, முடிச்சு படத்துல வுழல, இன்னொரு வாட்டி புடிச்சுக் காட்டுங்கன்னான். அமிர்தாவக் கூப்புடுன்னா, அது பந்தியில எலை போட்டுகினு கீது. நீ வா பெரியம்மான்னு என்னப் புடிச்சு நிக்க வச்சான். நான் சும்மா கைய வச்சேன். சினிமால வர்ற மாதிரி."

இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் லோகநாயகி கேட்டாள்.

"என்ன எவ கேட்டா? எங்க அக்கா கேசட்டப் போட்டுகினு, எதுக்கு எறங்கிப் போனான்னு கேக்கும். பந்திக்குன்னு சொன்னேன். அத்தக் காதுல வாங்கல. முடிச்சு யாரு போட்டான்னு ஒருத்தரும் கேக்கல. தெரிஞ்ச கதைதானேன்னு இருந்துட்டேன்."

ரிசீவரை வைத்தாள். மாமியார் வேண்டுமென்றே செய்தாரா, தான் அனுப்பியதையே மறந்து கேசட்டை நம்பினாரா? இனி அதைக் கேட்க ஆள் இல்லை. ஷபானா மாதிரி அவரும் இல்லாத கண்ணாடியைப் பார்த்திருக்கலாம். அப்படி நினைத்துக்கொள்வது நியாயம்தான். ஆனால் ஆறுதலாக இல்லை. செய்யாத குற்றத்துக்கு ஒருத்தி சற்று முன் இதே கூடத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, வெறுங்கையோடு பஸ் ஏறிப் போயிருக்கிறாள். அதில் லோகநாயகியின் சாட்சியும் இருக்கிறது. வகுப்பில் இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தவளின் சாட்சி.

பால்கனியில் சதாசிவம் செல்போனில் பேசிக்கொண்டிருந்தான். எதிர்முனையில் பங்காளி துரை. ஞாயிற்றுக்கிழமை தனக்கு டியூட்டி இருப்பதாகவும், தாய்மாமன் முறைக்குத் துரையே போய் நின்றுவிடும்படியும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"போனை வைங்க," என்றாள் லோகநாயகி.

அப்புறம் பேசுவதாகச் சொல்லி வைத்தான். முகத்தில் எரிச்சல். "அவளுக்குப் பரிஞ்சு பேச வராத. அவளே ஒத்துக்கிட்டா. நீயே பாத்தேன்னு சொன்னவ. நானும் உன் பக்கத்துல நின்னவன், என் கண்ணால பாத்தேன்."

"நீங்க பாத்தது எப்படித் தெரியுது? கண்ணை மூடிட்டுச் சொல்லுங்க."

"என்ன விளையாட்டு இது? தெரியுது. நான் குனிஞ்சு கட்டுறேன், சித்தி கை வருது…"

"அதுல உங்க முதுகு தெரியுதா?"

சதாசிவம் மெதுவாக இடது கையைத் தூக்கித் தன் பின்கழுத்தைத் தடவிக்கொண்டான்.

லோகநாயகி வகுப்பில் பேசும் குரலில், ஒவ்வொரு சொல்லாக, சொன்னாள்.

"கேசட்ல இருக்கறது தாலி கட்டி முடிச்ச பிறகு வீடியோக்காரனுக்காக நாம நடிச்சது. என் வகிட்டுல குங்குமம் இருக்கு, வந்து பாருங்க. நெஜமா தாலி கட்டினப்ப மூணாவது முடிச்சைப் போட்டது உங்க அக்கா."